மிளகு உட்கார்ந்த இடம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கென்று தனிப் பெயர் கிடையாது. தேநீர்க் கடைக்காரரிலிருந்து கழிப்பறை வாசலில் சில்லறை வாங்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் மிளகம்மா. மிளகு என்பது அவள் பிடித்துக்கொண்டு வரும் மோப்ப நாய். தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு. மூக்கு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

“என்ன மிளகம்மா, பையன் முகமே சரியில்லையே?” என்று கம்பிக்குப் பின்னாலிருந்து சீட்டுக் கொடுப்பவர் மிளகைப் பார்த்துக் கேட்பார்.

“டிவி பார்த்தான். வேலை போயிடுமோன்னு கவலையா இருக்கான்.”

“அவனுக்கென்ன கவலை! வேலை போனாலும் சோறு போட அம்மா இருக்கு. எனக்குப் போச்சுன்னா என் பொண்டாட்டி கட்டிப்போடக்கூட மாட்டா, அவுத்து விட்டுடுவா.”

சிரித்துக்கொண்டே அவள் சாமான் கூடத்துக்குப் போவாள். அங்கே சிரிப்பு கிடையாது. வெளியூர்ப் பேருந்துகளிலிருந்து இறங்கும் பைகளைத் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவள் வாரைத் தளர்வாகப் பிடித்து ஓரமாக நடப்பாள். மிளகு ஒவ்வொரு பையாக மூக்கை ஓட்டிக்கொண்டு போகும். குரைக்காது, பிராண்டாது. சந்தேகமென்றால் அந்தப் பைக்கு முன்னால் உட்காரும். அவ்வளவுதான். அது உட்கார்ந்தால் அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துப் போடுவாள். மிளகுக்குப் பந்துதான் சம்பளம். பைக்குச் சொந்தக்காரருக்கு அன்றைய பயணம் அதோடு சரி. சிலருக்கு அந்த வருஷமே சரி.

கஞ்சா இலைக்கும் அதே உட்காரல்தான், போதைப் பவுடருக்கும் அதே உட்காரல்தான். பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. இத்தனை நாள் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டுமே குற்றம்.

இப்போது அதில்தான் சிக்கல் வந்திருந்தது. வயது வந்தவர்கள் உரிமம் பெற்ற கடையில், அளவோடு, சீட்டு ஒட்டிய பொட்டலத்தில் கஞ்சா வாங்கலாம் என்று ஒரு சட்ட முன்வரைவு சட்டமன்றத்துக்கு வந்திருந்தது. பவுடருக்குத் தடை அப்படியே இருக்கும். சாயங்காலமானால் டிவியில் இரண்டு தரப்பும் கத்தின. ஒரு தரப்பு, நாடே மயங்கிக் கிடக்கும் என்றது. மறு தரப்பு, இப்போது மட்டும் நாடு விழித்தா இருக்கிறது என்றது. சட்டம் வந்தால் இலைக்கு உட்கார்ந்து பழகிய நாய்கள் எல்லாம் ஒரேயடியாக வேலைக்கு உதவாமல் போய்விடும். பழகிய மூக்கை அழித்து எழுத முடியாது.

மிளகம்மா எந்தத் தரப்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். தெருவில் எந்த மனுஷனையும் அச்சு அசலாக நடித்துக் காட்டுவான். அடகுக் கடைக்காரர் மூக்கைச் சிந்துவதை அவன் செய்து காட்டினால் அவரே நின்று பார்த்துவிட்டுப் போவார். மைதானத்துக்குப் பின்னால் நண்பர்களோடு இலையில் ஆரம்பித்தான். பிறகு பவுடர். ஒரு நாள் இதே பேருந்து நிலையத்தின் கழிப்பறையில் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டவன் திறக்கவில்லை. கதவை உடைத்தவர்கள் அவளிடம், “பார்க்காதீங்க” என்றார்கள். அவள் பார்த்தாள். அதுவரை துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், தெரு நாய் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் ஒதுங்குகிறவள், மோப்ப நாய் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

பயிற்சியின் முதல் நாளே அங்கிருந்த பயிற்சியாளர் வாரைத் தூக்கிக் காட்டி, “இது கயிறு இல்ல, டெலிபோன். நீங்க வாயே திறக்காம பேசறதெல்லாம் அந்தப் பக்கம் கேக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

மிளகு வேலை நேரம் போக அவள் வீட்டில்தான் இருக்கும். மார்புப் பட்டையைக் கட்டினால் அது அதிகாரி. அவிழ்த்தால் சோபாவுக்குக் கீழே கிடக்கும் இன்னொரு பிள்ளை. அவளுடைய சொந்தப் பிள்ளை ஒரே மகள், மருந்தாளுநர் படிப்பில் கடைசி வருஷம். “எல்லா அம்மாவையும் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. உன்னையும் அப்படித்தான் கூப்பிடறாங்க. என்ன, அந்தப் பிள்ளை நான் இல்ல” என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். ரொம்ப நாள் வரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

முன்வரைவு வந்த பிறகு சாப்பாட்டு மேசை இரண்டானது. நடுவில் அவள் கணவர், ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர், தட்டைப் பார்த்தே சாப்பிடுவார்.

“கடை வைக்கணுமாம், கடை! பொட்டலத்துல சீட்டு ஒட்டிட்டா விஷம் சர்க்கரையாயிடுமா?” என்றாள் தாய்.

“ஆகாது. ஆனா விஷத்துல வேற விஷத்தைக் கலந்திருக்கான்னு தெரியும். மருந்துக் கடையில பாட்டில்ல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு இருந்தா கடையைப் பூட்டுவாங்க. கழிப்பறைச் சந்துல விக்கிறவனை யாரு பூட்டறா?”

“உன் மாமாவை அந்தச் சந்துலதான் தூக்கிட்டு வந்தோம். எனக்கு நீ சொல்லித்தராத.”

“மாமா இலையால சாகலம்மா. பொட்டலத்துல என்ன இருக்குன்னு தெரியாம செத்தார்.”

தாய் தட்டைத் தள்ளி வைத்தாள். “இலையில ஆரம்பிக்காம இருந்திருந்தா அந்தப் பொட்டலத்துக்கே போயிருக்க மாட்டான்.”

“இலையும் பவுடரும் ஒரே ஆள்கிட்ட கிடைச்சது. அதனாலதான் போனார்.”

“ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழறீங்க. கொஞ்சம் சேர்ந்து அழுதா என்ன?” என்றார் சமையல்காரர். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு மகள் தன் அறையில் அதிகம் இருந்தாள். கதவு சாத்தியே இருந்தது. குளிரிலும் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அறையில் தெளிக்கும் வாசனைத் திரவம் சீக்கிரம் தீர்ந்தது. காலையில் கண் சிவந்திருந்தது. படிப்பு என்றாள் மகள். இருக்கலாம். ஆனால் தம்பியும் இப்படித்தான் ஜன்னலைத் திறந்து வைத்தான், அவனும் படிப்பு என்றுதான் சொன்னான். மிளகம்மாவின் பழைய பயம் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு மத்தியானம் வீட்டில் வேறு யாருமில்லை. அவள் மிளகுக்கு மார்புப் பட்டையைக் கட்டினாள். வீட்டுக்குள் கட்டுவது அதுவே முதல் தடவை. மிளகு குழப்பமாக அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அதிகாரியாக மாறியது.

மகளின் அறைக்குள் போனார்கள். கட்டில், மேசை, புத்தகக் குவியல் எல்லாவற்றையும் மிளகு தாண்டியது. அலமாரிக் கதவின் கொக்கியில் மகளுடைய நீல ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்தபோதே மிளகம்மாவின் கண் அதில்தான் போய் நின்றிருந்தது. பக்கத்தில் வரும்போது அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றது.

மிளகு உட்கார்ந்தது.

பந்தைப் போட மறந்துவிட்டாள். ஜாக்கெட்டின் பைகளை வெளியே இழுத்தாள். அலமாரியைக் காலி செய்தாள். மெத்தையைப் புரட்டினாள், ஒப்பனைப் பெட்டியைக் கவிழ்த்தாள், காலுறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்தில் மிளகு உட்கார்ந்து பையில் ஒன்றும் கிடைக்காத நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் ஒரு வாக்கியம் எழுதுவார்கள்: ‘முன்பு இருந்திருக்கலாம்.’ அந்த வாக்கியம் இப்போது அவளுக்குத் தானாக வந்தது. முன்பு இருந்திருக்கலாம். வேறெங்கோ மாற்றியிருக்கலாம்.

மகள் வந்தபோது அறை, வெள்ளம் புகுந்து வடிந்த மாதிரி கிடந்தது. தாய் நடுவில் நின்றாள்.

“எங்கே வெச்சிருக்க?”

மகள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு பட்டையோடு நின்ற மிளகைப் பார்த்தாள். புரிந்தது.

“இதையா கூட்டிட்டு வந்த? என் ரூமுக்கா?”

“அது உட்கார்ந்துதுடி. மிளகு பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்லுவேன், இல்ல?”

“எங்கே வெச்சிருக்கன்னு கேட்டேன்.”

“உன் பிள்ளைகிட்டயே கேளு,” என்றாள் மகள். தரையில் கிடந்த துணிகளில் கைக்கு வந்ததை ஒரு பையில் திணித்தாள். வாசலில் அவள் செருப்பு மாட்டும்போது மிளகு வாலை ஆட்டிக்கொண்டே பின்னால் போனது. அவள் குனிந்து அதன் தலையைத் தடவினாள். தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு தோழியின் வீட்டில் தங்கினாள். தாய் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தகப்பன் கூப்பிட்டால் எடுத்து, “சாப்பிட்டேன்ப்பா” என்று மட்டும் சொன்னாள்.

சமையல்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அறையைத் தானே ஒழுங்கு செய்தார். பிறகு வந்த விடுமுறை நாளில் சமையலறையிலிருந்து கை துடைத்தபடி வெளியே வந்தார். முகத்தை இறுக்கி வைத்திருந்தார்.

“இங்க வா. அவ அலமாரிக்குப் பின்னால ஒரு சின்னப் பொட்டலம் கிடைச்சுது. என்னன்னு எனக்குத் தெரியல. சமையலறையில மூணாவது டிராயர்ல வெச்சிருக்கேன். நீ தொடாதே. மிளகு சொல்லட்டும்.”

அவளுக்குள் நான் சொன்னேனே என்ற வெற்றியும் ஐயோ என்ற அடியும் ஒன்றாக வந்தன. பட்டையைக் கட்டினாள். முதல் டிராயர், இரண்டாவது டிராயர். மூன்றாவதன் முன்னால் மிளகு உட்கார்ந்தது.

அவள் இழுத்துத் திறந்தாள். கரண்டிகள். ஒரு காய் சீவி. துடைக்கும் துணி.

“எங்கே?”

“ஒண்ணும் இல்லம்மா. பொட்டலமே கிடையாது. நான் சும்மா சொன்னேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“கேன்டீன்ல ஒரு பையனை ருசி பார்க்கச் சொல்லுவேன். நான் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு சூப்பை நீட்டினா, ‘உப்பு கரிக்குது மாஸ்டர்’ம்பான். உப்பே போட்டிருக்க மாட்டேன். அவன் பொய் சொல்லலை. என் முகத்தைக் குடிச்சுட்டான். இப்ப டிராயரைப் பார்த்த மாதிரிதான் அன்னிக்கு நீ ஜாக்கெட்டையும் பார்த்திருப்ப.”

“மசாலா வாசனைக்கு உட்கார்ந்திருக்கும்,” என்றாள் அவசரமாக. “இல்லன்னா…”

“சரி, இப்ப இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு போ.”

போனாள். மிளகு மூன்றாவது டிராயரை முகர்ந்துவிட்டு, குப்பைக் கூடையில் ஆர்வம் காட்டி, நகர்ந்துவிட்டது.

அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிளகு வந்து மடியில் தலையை வைத்தது. வாரைப் பார்த்தாள். டெலிபோன் என்று சொன்னவர் முகம் இத்தனை வருஷம் கழித்து நினைவுக்கு வந்தது. அடுத்து வேறு முகங்கள் வந்தன. சாமான் கூடத்தில் மிளகு உட்கார்ந்ததால் பை கவிழ்த்துக் கொட்டப்பட்டவர்கள். கிழிந்த சட்டைக்காரர்கள், கண் சிவந்தவர்கள், அவளுடைய தம்பியைப் போல நடந்தவர்கள். நிஜமாகவே கிடைத்ததும் எத்தனையோ உண்டு. ஆனால் கிடைக்காதவற்றை அவள் ஒரு வாக்கியத்தில் மூடி வைத்திருந்தாள்.

“போய்ச் சொல்லிடுங்க அவகிட்ட,” என்றாள் கணவரிடம். “நான் தப்பு பண்ணிட்டேன், வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”

அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். வாசலிலேயே தெரிந்தது, தனியாகத்தான் வந்திருந்தார்.

“என்ன சொன்னா?”

“‘என்கிட்ட மன்னிப்பு கேக்கறது அம்மாவுக்குச் சுலபம், நான் மகள். அந்த நாய் உட்கார்ந்துதுன்னு பையைக் கவுத்தாங்களே, அவங்களுக்கு யார் சொல்லுவா? அதை அம்மா தன்னோட ஆளுங்க முன்னாடி சொல்லட்டும், நான் வரேன்’ங்கறா.”

“நடக்கற காரியமா?”

“உன் மகள்தானே,” என்றார் அவர். “பட்டை கட்டாமலே மோப்பம் பிடிக்கிறா.”

முன்வரைவு பற்றிக் கருத்துக் கேட்க சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. தடையை நீக்கக் கூடாது என்பது அவளுடைய துறையின் வாதம். வாதத்தோடு ஒரு செய்முறையும் காட்டலாம் என்று முடிவானது. மிளகு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தால் உறுப்பினர்கள் அசந்துபோவார்கள். அதற்கு மிளகம்மாவை அவளுடைய மேலதிகாரிதான் தேர்வு செய்தார். நடந்தால் சட்டையே சத்தம் போடும் அளவுக்கு இஸ்திரி போடுகிறவர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மொடமொடப்பு.

விசாரணைக் கூடத்துக்கு வெளியே நீளமான நடைகூடம். மொடமொடப்பு அவளை ஓரமாக ஒதுக்கினார்.

“ஆறு பை வெச்சிருக்கோம். வாசல் பக்கத்துலேர்ந்து நாலாவதுல சரக்கு இருக்கு. ஞாபகம் வெச்சுக்க.”

இது புதிதில்லை. பெரியவர்கள் பார்க்க வரும்போதெல்லாம் எந்தப் பை என்று முன்கூட்டியே காதில் போட்டுவிடுவது வழக்கம். நாய் சொதப்பினால் மானம் போகும் என்பதற்காக. அதில் ஏமாற்று இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாய்க்குத்தான் சொல்லவில்லையே என்று நினைத்திருந்தாள்.

“ஐயா, எனக்குச் சொல்லியிருக்க வேண்டாம்.”

“ஏன்?”

“எனக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரிஞ்சிடும்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார் அவர். “உள்ளே போ.”

கூடத்தில் குழுவின் தலைவி நடுவில் இருந்தார்; கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்த, குரல் தாழ்ந்த அம்மாள். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். பின்வரிசையில் செய்தியாளர்கள், கேமராக்கள். தரையில் ஆறு பைகள். அவளுடைய உள்ளங்கை வேர்த்து வார் வழுக்கியது. மிளகு திரும்பி அவளைப் பார்த்தது. ஆம், வார் வழியாக அதற்குக் கேட்டுவிட்டது.

“ஆரம்பிக்கலாமே,” என்றார் தலைவி.

“அம்மா, ஒரு வேண்டுகோள்,” என்றாள். தன் குரல் யாருடையதோ போல இருந்தது. “நானும் இவனும் எங்க அதிகாரியும் வெளியே போறோம். நீங்களே பையை மாத்தி வையுங்க. எதுல இருக்குன்னு எனக்கோ அவருக்கோ தெரியக் கூடாது.”

மொடமொடப்பின் சட்டை எங்கோ ஒருமுறை சத்தம் போட்டது. தலைவிக்கு இது பிடித்திருந்தது. “விளையாட்டு நல்லா இருக்கே,” என்று அவரே எழுந்து பைகளை மாற்றினார்.

திரும்பி வந்து வரிசையில் நடந்தாள். எதுவும் தெரியாததால் அவளால் எதையும் நினைக்க முடியவில்லை. மிளகு முதல் பையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டப் போய், திரும்பி வந்து, மூக்கை ஜிப்பில் வைத்து இழுத்து, உட்கார்ந்தது. பையைத் திறந்தார்கள். மாதிரிக்கு வைத்த கஞ்சா டப்பா அதில்தான் இருந்தது. கைதட்டினார்கள். மொடமொடப்பு முதல் முறையாக மூச்சு விட்டார். மிளகுக்குப் பந்து கிடைத்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நாய் உண்மையாகவே கெட்டிக்கார நாய். துறைக்கு வெற்றி, அவளுக்குப் பாராட்டு. கதவருகே மொடமொடப்பு ‘வா போகலாம்’ என்று கண் காட்டினார். அந்தக் கதவுக்கு வெளியே மகள் இல்லாத வீடு இருந்தது.

“இன்னொரு தடவை காட்டணும்,” என்றாள். “அந்த டப்பாவை இந்தக் கூடத்தைவிட்டே வெளியே கொண்டுபோகச் சொல்லுங்க. எந்தப் பையிலயும் சரக்கு இருக்க வேண்டாம். இப்ப உங்கள்ல ஒருத்தர் எனக்கு ஒரு பையைக் காட்டுங்க.”

ஓர் உறுப்பினர் கோடியிலிருந்த சிவப்புப் பையைக் காட்டினார்.

அவள் நடந்தாள். எதுவும் செய்யவில்லை, வாரை இழுக்கவில்லை, காலைத் தட்டவில்லை. நம்பினாள், அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் பையில் இருக்கிறது என்று நம்பினாள். உடைந்த கதவை நினைத்தாள். “பார்க்காதீங்க” என்ற குரலை நினைத்தாள். பையின் அருகே வந்தபோது அவள் மூச்சு தானாகவே நின்றது.

மிளகு உட்கார்ந்தது.

திறந்தார்கள். ஒரு குளியல் துண்டு.

முதலில் பேசியவர் மொடமொடப்பு. “முன்னால ஏதாவது வெச்ச பையா இருக்கும். வாசனை ஒட்டியிருக்கும்.”

“இருக்கலாம் ஐயா,” என்றாள். “ஒண்ணும் கிடைக்காதப்பல்லாம் அதைத்தான் எழுதினோம். எதை வேணா அதால மூடிடலாம்.” தலைவியின் பக்கம் திரும்பினாள். “ரெண்டு தடவையும் இவன் பொய் சொல்லலைங்க. ஒரு தடவை வாசனைக்கு உட்கார்ந்தான், ஒரு தடவை எனக்காக உட்கார்ந்தான். எது எதுன்னு வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது. எனக்கே தெரியாது. போன மாசம் என் மகள் ஜாக்கெட்டுக்கு முன்னாடி உட்கார்ந்தான். பஸ் ஸ்டாண்டுல யார் யார் பைக்கு முன்னாடியெல்லாம் என் பயத்துக்கு உட்கார்ந்தானோ, அவங்களை நான் எங்க போய்த் தேடுவேன்?”

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அப்படின்னா இந்தச் சட்டம் வேணும்கறீங்களா, வேண்டாம்கறீங்களா?”

“தெரியலைங்க. கடை திறந்தா எனக்குப் பயமா இருக்கு. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை அதுலதான் ஆரம்பிக்கும்னு தோணுது. ஆனா என் தம்பி எல்லாம் பூட்டியிருந்த காலத்துலதான் செத்தான். சட்டத்தைப் பத்திச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெளிவு இல்ல. நாயைப் பத்தித் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். இவன் உட்கார்ந்தான்கறதை மட்டும் வெச்சு யாரையும் முடிவு பண்ணிடாதீங்க.”

நடைகூடத்தில் மொடமொடப்பு அவளிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் வர வேண்டாம். நாயைப் பத்தியும் முடிவு பண்ணணும்” என்றார். படியிறங்கிப் போகும்வரை சட்டையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டிவியில் அவளை இரண்டாக வெட்டிக் காட்டினார்கள். ஒரு தரப்புக்கு, வெறும் துண்டு இருந்த பைக்கு முன்னால் உட்கார்ந்த மிளகு. மறு தரப்புக்கு, ‘கடை திறந்தா எனக்குப் பயமா இருக்கு.’ மீதியை யாருமே காட்டவில்லை. சமையல்காரர் டிவியை அணைத்தார். “உன் தலை அவங்களுக்கு, உன் கால் இவங்களுக்கு. நடுவுல வயிறு மட்டும் நம்ம வீட்டுக்கு. வா, சாப்பிடு.”

அவர்கள் சாப்பிட உட்காரும்போதே வாசல் மணி அடித்தது. மகள் நின்றாள், கையில் அதே துணிப்பை. “முழுசையும் பார்த்தேன்,” என்றாள். “என் ஃபிரண்டு போன்ல நேரலை ஓடிச்சு.” உள்ளே வந்து பையைத் தரையில் வைத்தாள்.

மிளகு பாய்ந்து வந்தது. பட்டை இல்லை, வார் இல்லை; ஆனாலும் பழக்கம். பையின் ஒரு முனையிலிருந்து மூக்கை ஓட்ட ஆரம்பித்தது. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். மிளகம்மா சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

“என்னம்மா பண்ற?”

“நான் பார்க்கல. நான் எதையும் நினைக்கல.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. “திரும்பும்மா. அது என் செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருக்கு.”

மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சமையல்காரர் இன்னொரு தட்டை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. மிளகு மேசைக்குக் கீழே படுத்தது.

“உன் வேலை?”

“தெரியல.”

“மிளகு?”

“அதுவும் தெரியல. கேட்டுப் பார்க்கணும், எங்கிட்டயே விடுவாங்களான்னு.”

மகள் விரலால் மேசையில் கோடு இழுத்தாள். “அம்மா, அன்னிக்கு நீ நாயைக் கேட்ட. அப்புறம் டிராயரைக் கேட்டியாம், அப்பா சொன்னார். இன்னிக்கு ஊருக்கு முன்னாடி என்னென்னவோ சொன்ன. எல்லாம் சரி. என்னை மட்டும் நீ இன்னும் கேக்கவே இல்ல.”

“கேட்டேனே…”

“எங்கே வெச்சிருக்கன்னு கேட்ட. கஞ்சா பிடிக்கிறியான்னு கேக்கல.”

உண்மைதான். தம்பியையும் அவள் கேட்டதில்லை. பதில் தெரியும் என்று நினைத்ததால் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்ததால் கேட்கவில்லை. இப்போதும் அந்தப் பயம் இருந்தது.

“பிடிக்கிறியா?” என்றாள்.

மகள் அவளை நேராகப் பார்த்தாள். “பிடிச்சிருக்கேன். இந்த வீட்டுல இல்ல, அந்த ஜாக்கெட்டுலயும் எப்பவும் இல்ல. காலேஜ்ல, ஃபிரண்ட்ஸோட. எப்பவாவது. ஜன்னலைத் திறந்து வெச்சது சிகரெட்டுக்கு. இனிமே பிடிக்க மாட்டேன்னு இப்ப உனக்காகச் சத்தியம் பண்ணினா அது பொய்யா இருக்கும். அதனால பண்ணல.”

மிளகு தப்பாக உட்கார்ந்தது. அவள் பயந்தது தப்பாகவும் இல்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் வார் இல்லை; ஆனாலும் மேசை மேல் இருந்த விரல்கள் வாரைப் பிடித்த மாதிரி இறுகின. மூச்சு நின்றது.

மேசைக்குக் கீழே மிளகு தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. மகளைப் பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றி மெல்ல எழத் தொடங்கியது.

அவள் மூச்சை விட்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை மேசை மேல் திறந்து வைத்தாள். மிளகு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மறுபடி தலையைத் தரையில் போட்டது.

“யாரோட? அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா உனக்கு?” என்றாள் தாய். பயத்தோடுதான் கேட்டாள், ஆனால் அது கேள்விதான். “முதல்லேர்ந்து சொல்லு. நான் கேக்கறேன்.”